கப்பலைப் பற்றிப் பிறகு பேசலாம், மாத்திரை எந்தப் பையில்?

போன மாசியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். வயது 66. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, இரண்டும் மாத்திரையில் அடங்கியிருக்கின்றன. ஊர் நாகப்பட்டினம்; இப்போது மகனோடு சென்னையில் இருக்கிறார். சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று நான்கு இரவு கப்பலில் சுற்றிவர மகனும் மருமகளும் அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள். உடம்பைக் காட்டிக்கொள்ள அவர் வரவில்லை. "கப்பலில் போகக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் டாக்டர். பையன் என் பேச்சைக் கேட்க மாட்டான், உங்கள் கையெழுத்துக்குக் கட்டுப்படுவான்" என்றார். (அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கிளினிக் வைப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் பயணிகள் கப்பலில் மருத்துவராக இருந்தவன் நான். சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கியதிலிருந்து இப்படிப்பட்ட முகங்களை அடிக்கடி பார்க்கிறேன். பயப்படுகிறவர்களை நான் கேலி செய்வதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: அவர்களுடைய பயம் எல்லாம் கப்பலுக்கு வெளியே, கடலைப் பார்த்து நிற்கிறது. கப்பல் மருத்துவமனைக்கு ஆட்களைக் கொண்டுவந்த சங்கதிகளோ பெட்டியிலும் குளியலறையிலும் சாப்பாட்டுத் தட்டிலும் இருந்தன.

அந்த அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, பயம் என்னென்ன என்று வரிசையாக எழுதச் சொன்னேன். ஆசிரியை அல்லவா, எண் போட்டு எழுதினார். முதல் வரியில் சுனாமி.

நாகப்பட்டினத்துக்காரருக்கு அது முதல் வரியில் வராமல் எந்த வரியில் வரும்? 2004 டிசம்பர் 26 அன்று அவர் தெருவில் தண்ணீர் வந்தது. ஆனால் அந்த அலை உயர்ந்தது கரையை நெருங்கி, ஆழம் குறைந்தபிறகுதான். அன்று காலை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே போன ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த அலை உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிய அலை; ஆழ்கடலில் நிற்கும் கப்பல் அதன்மேல் ஏறி இறங்குவதை உள்ளே இருப்பவர் உணரக்கூட மாட்டார். சுனாமி எச்சரிக்கை வந்தால், நேரம் இருக்கும்போது துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்புவது அதனால்தான். இதைச் சொன்னதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தாளில் அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தார்.

இரண்டாவது வரி, கப்பல் மூழ்குவது. எல்லோருக்கும் டைட்டானிக் நினைவுக்கு வரும். 1912இல் அந்தக் கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடம் 1,178 பேருக்கு. அந்தக் கணக்கு உலகத்தை உலுக்கியதால்தான் 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. இன்று சர்வதேசக் கடலில் ஓடும் பயணிகள் கப்பலில் படகும் மிதவையும் சேர்த்து, இருப்பவர்களின் எண்ணிக்கையில் 125 சதவீதத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

என் மனதில் நிற்பது டைட்டானிக்கைவிட, 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிய கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல். 4,200க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிதாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய சுமார் 600 பேருக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி இருந்தது. 2015 ஜனவரி 1 முதல் அதை மாற்றி, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

அந்தப் பயிற்சியைத்தான் நம் மக்கள் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார்கள். நான் இருந்த கப்பலில், பயிற்சி நேரத்தில் குடும்பத்தோடு பஃபே வரிசையில் நின்றவர்களைப் பணியாளர்கள் தேடித் தேடி அழைத்துவருவார்கள். பயந்தவர்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஏழு குறுகிய ஒலி, தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. அதுதான் அபாய அறிவிப்பு. அது கேட்டால் எங்கே கூட வேண்டும் என்பது கப்பலில் தரும் உங்கள் அட்டையிலும் கேபின் கதவின் பின்னாலும் இருக்கும். இப்போது பல கப்பல்களில் கைபேசியில் காணொளி பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்கு ஒரு முறை போய்ப் பதிவு செய்தால் போதும். நான் சொல்வது அதற்கும் மேலே ஒன்று: கேபினிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்டைத் தொடாமல் படிக்கட்டு வழியாக ஒரு முறை நடந்து பாருங்கள். கால்களுக்கு வழி தெரிந்துவிட்டால் மனது பாதி அடங்கிவிடுகிறது. இதற்கு நான் எந்த ஆய்வையும் காட்ட முடியாது, கண்டதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வரி வாந்தி. இதுதான் நியாயமான பயம். யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்பே சொல்லலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு போகிறவரா நீங்கள்? அப்படியானால் கப்பலுக்கும் தயாராக வேண்டும். உள்காதின் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது; கேபின் சுவரைப் பார்க்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும், குமட்டல் தணியும்.

கடலைத் தேர்ந்தெடுப்பது மருந்தைவிட முக்கியம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போகிற கப்பல் மலாக்கா நீரிணையில் போகிறது. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம். நடுவே பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும் நீர். அதே சிங்கப்பூரிலிருந்து வியட்நாம் பக்கம் போனால் தென்சீனக் கடல். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் அது முரட்டுக் கடல். சென்னையிலிருந்து ஏறுகிறவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் பயணத்தை ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கேபின் எடுக்கும்போது கீழ்த்தளங்களில், கப்பலின் நீளத்துக்கு நடுவில் கேளுங்கள். தூளியின் முனை ஆடுகிற அளவுக்கு அதைக் கட்டிய இடம் ஆடுவதில்லை, அதே கணக்குத்தான். தண்ணீருக்கடியில் மீனின் செட்டைபோல இருபுறமும் நீட்டிக்கொள்ளும் நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் தடுக்க முடியாது.

மருந்தின் கதை சுவையானது. 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் காணாக்கடிக்காக ஒரு பெண்ணுக்குப் புதிய ஒவ்வாமை மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். டிராமில் ஏறினாலே குமட்டும் அவருக்கு, அந்த மருந்து சாப்பிட்ட நாட்களில் குமட்டவில்லை. அதே ஆண்டு அட்லாண்டிக்கைக் கடந்த ராணுவக் கப்பலில் அதைச் சிப்பாய்களிடம் சோதித்தார்கள். அதுதான் டைமென்ஹைட்ரினேட். நம் கடைகளில் கிடைக்கும் மெக்லிசின், சின்னாரிசின், புரோமெத்தசின் எல்லாம் ஏறக்குறைய அதன் உறவுக்காரர்கள். இவை வருமுன் காக்கும் மருந்துகள். கப்பல் ஆடத் தொடங்கி, வாந்தி வந்தபிறகு விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்கம் வரும் என்பதால் ஊரிலேயே ஒரு விடுமுறை நாளில் ஒன்று போட்டுப் பார்த்துவிடுங்கள். மதுவோடு சேர்க்காதீர்கள். கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், நடுக்குவாதம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வாந்திக்கென்று பல வீடுகளில் இருக்கும் ஆன்டான்செட்ரான் இந்த ஆட்டத்துக்கு உதவாது. இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, கெடுதல் இல்லை. வெறும் வயிற்றோடு இருப்பது நல்லது என்று நினைப்பது தவறு. இட்லிபோல லேசாக ஏதாவது உள்ளே இருக்கட்டும்.

தாளில் இல்லாத வரிகளுக்கு வருகிறேன்.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்துசேர மாலையோ இரவோ ஆகும். மதியம் போட வேண்டிய மாத்திரை அதற்குள் இருந்தால்? முதல் நாள் மாலை என் கப்பல் மருத்துவமனையில் இதே கதைதான்: "டாக்டர், மாத்திரை பெட்டியில் இருக்கிறது, பெட்டி எங்கே என்று தெரியவில்லை." ஆகவே மாத்திரை எல்லாம் கைப்பையில். பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக, கடை அட்டையிலேயே, மருத்துவர் சீட்டோடு. சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கட்டும். நம்மூர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் கட்டுப்பாடு உண்டு. அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதியைப் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள். கசகசாவும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். அரைத்த மசாலாப் பொடியில் அது இருக்கிறதா என்று மருமகளைக் கேளுங்கள். கஞ்சி போட மின்கெட்டில் கொண்டுபோகலாம் என்று நினைத்தால், தீவிபத்துப் பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அயர்ன் பாக்ஸுக்கும் அதே கதி.

கேபின் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியேறாமலிருக்க ஒரு மேடு இருக்கும். இரவில் எழுந்து போகிற பெரியவர்கள் அதில் தடுக்கி விழுகிறார்கள். கடலைப் பார்த்து நடுங்கியவரின் மணிக்கட்டு குளியலறை வாசலில் முறிந்ததை நான் கட்டியிருக்கிறேன். சிறிய இரவு விளக்கு ஒன்று, பிடிப்புள்ள செருப்பு ஒன்று. நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில்.

வயிற்றுப்போக்கு பரவினால் பெரும்பாலும் நோரோ வைரஸ். கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்துக்கு அது எளிதில் மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. பஃபே கரண்டியைத் தொட்ட கையால் சாப்பிடாமல், தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கழுவிவிட்டு வாருங்கள். கையால் சாப்பிடும் நமக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வாந்தியோ பேதியோ நிற்காமல் போனால் சர்க்கரை மாத்திரையையும், சிறுநீர் போக்கும் ரத்த அழுத்த மாத்திரையையும் வழக்கம்போல விழுங்கிக்கொண்டே இருப்பது ஆபத்தாகலாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பல் மருத்துவமனையில் ஈசிஜி உண்டு, எக்ஸ்ரே உண்டு, மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆஞ்சியோபிளாஸ்டி கிடையாது. கட்டணம் உங்கள் கேபின் கணக்கில் ஏறும், கொஞ்சமாக இருக்காது. உள்ளூர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

மறுபடி அந்தத் தாளுக்கு வருவோம். நான்காவது வரியில் அந்த அம்மா "அடைத்துவைத்ததுபோல் இருக்கும்" என்று எழுதியிருந்தார். ஜன்னல் இல்லாத உள்கேபின் மலிவுதான். விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. பயந்தவர்களுக்கு அது வேண்டாம், அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பதற்றமாக இருந்தால் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள் "வெறும் பயம்தான்" என்று தாங்களே தீர்ப்பு எழுதக் கூடாது. ஈசிஜி எடுத்துக் கப்பல் மருத்துவர் சொல்ல வேண்டிய தீர்ப்பு அது.

மற்றவை சுருக்கமாக. சிங்கப்பூரில் ஏறி அங்கேயே இறங்குகிறவர் அந்நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறார், விசா அதற்கு ஏற்றதா என்று பாருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். கைபேசியை 'ஏர்பிளேன் மோடில்' வையுங்கள், இல்லையென்றால் கடல்வழி ரோமிங் கட்டணம் மயக்கம் வரவைக்கும்.

அந்த அம்மாவுக்கு நான் "போகக் கூடாது" என்று எழுதிக் கொடுக்கவில்லை. மருந்துப் பட்டியலைப் பொதுப்பெயரில் எழுதிக் கொடுத்தேன். திரும்பிவந்த மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "டாக்டர், கப்பலில் ஒன்றும் ஆகவில்லை. இப்போது வீட்டுத் தரை ஆடுகிறது." கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் அப்படி இருக்கும், பழகிய ஆட்டத்தை மூளை மெல்லத்தான் மறக்கும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் வந்து பாருங்கள் என்றேன். அவர் அதைப் பெரிதாகக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. குமட்டல் மாத்திரை நான்கு மிச்சம் இருக்கிறதாம். அடுத்த மாதம் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது அதையே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள், காலாவதி தேதியைப் பார்த்துவிட்டு, மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஏற்றம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்றேன்.