சுரங்கத்துக்கு மேலே ஓடும் ஓடை

மலேசியாவின் சிலாங்கூரில் பத்து ஆராங் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் நாலு நாள் மழை இல்லையென்றால் லோங்காங் (வடிகால்) காய்ந்துவிடும். ஆனால் செம்பனைகளுக்கு நடுவே ஓடும் ஓடை அவ்வளவு சீக்கிரம் நிற்காது. அந்தத் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருகிறது. என்றைக்கோ பெய்த மழை மண்ணிலும் பாறையிலும் இறங்கித் தேங்கியிருக்கும். அதன் மட்டம் ஓடையின் தரையைவிட உயரமாக இருக்கும்வரை, கரையோரமாகக் கசிந்து ஓடையை ஓடவைக்கும்.

இந்த ஊரில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள், நிலத்தடியிலும் திறந்தவெளியிலும். சுரங்கம் என்றாலே தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும் என்று நினைக்கிறோம். அதற்குத் தண்ணீர் தேவைதான். கரியை வெட்டும்போது தூசி பறக்காமல் தெளிக்க வேண்டும். வெட்டிய கரியை மேலே கொண்டுவந்து கழுவ வேண்டும். ஆனால் ஈரமான மண்ணில் சுரங்கத்துக்குப் பெரிய தலைவலி, கேட்காமலே உள்ளே வரும் தண்ணீர். பம்பு நின்றால் சுரங்கம் மூழ்கும். பத்து ஆராங்கின் பழைய திறந்தவெளிக் குழிகள் இன்று ஏரிகளாகக் கிடப்பதைப் பார்த்தாலே இது புரியும்.

பம்பு இறைக்க இறைக்கச் சுற்றுவட்டார நீர்மட்டம் இறங்கும். அது ஓடையின் தரைக்குக் கீழே போய்விட்டால் கதை தலைகீழ்: மண்ணிடம் வாங்கிய ஓடை இப்போது மண்ணுக்குக் கொடுக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் யாருக்கும் தெரியாது. வெயில் வாரத்தில்தான் குட்டு வெளிப்படும்.

சரி, இது மெதுவாக நடப்பது. பாறை பிளந்தால் ஓடை வெகு சீக்கிரம் போய்விடும். இன்றைய பெரிய சுரங்கங்களில் 'லாங்வால்' என்றொரு முறை உண்டு. சில நூறு மீட்டர் அகலத்துக்குக் கரியை ஒரேயடியாகச் சீவிக்கொண்டே போவார்கள். இயந்திரம் முன்னேற, பின்னால் கூரை இடிந்து விழ விட்டுவிடுவார்கள். அடியில் ஓட்டை விழுந்த அரிசி மூட்டை போல, மேலே நிலம் குழியும்.

பள்ளத்தாக்கில் இன்னொரு வினோதமும் நடக்கும். நிலம் அமிழும்போது இரண்டு பக்கச் சரிவுகளும் உள்நோக்கி நகர்ந்து, நடுவிலிருக்கும் ஓடைத் தரையை நெருக்கும். பாறைப் பலகைகள் வளைந்து, மேலே புடைத்து, விரிசல் விடும். தண்ணீர் அந்த விரிசலில் இறங்கிப் பாறை அடுக்குகளுக்கு இடையே மறைந்து ஓடும். நேற்றுவரை குளிக்க முடிந்த மடு இன்று வெறும் கல்லாகக் கிடக்கும். சிட்னிக்குத் தெற்கே வாராட்டா ஓடையில் நடந்தது இதுதான். அது நகரத்துக்குக் குடிநீர் தரும் அணைக்குப் போகும் ஓடை. அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், லாங்வால் சுரங்கத்தால் நிலம் அமிழ்ந்து வாழிடம் மாறுவதை, உயிரினங்களுக்கான முக்கிய அச்சுறுத்தல்களில் ஒன்றாக 2005இல் பட்டியலிட்டது.

மறைந்த தண்ணீரில் ஒரு பங்கு கீழே எங்காவது திரும்ப எட்டிப்பார்க்கும், நிறம் மாறி. புதிதாகப் பிளந்த பாறையிலிருந்து இரும்பைக் கரைத்துக்கொண்டு வரும் அது, காற்றுப் பட்டதும் துருவாகிக் கல்லின்மேல் ஆரஞ்சுச் சளியாகப் படியும். அப்புறம் அந்தத் தண்ணீரில் பிராணவாயுவும் குறைந்திருக்கும், மீனுக்கு ஆகாது.

வாராட்டாவில் துளை போட்டுப் பாலியூரித்தேன் பிசினைச் செலுத்தி விரிசலை அடைத்துப் பார்த்தார்கள். ஒரு மடுவில் தண்ணீரை நிறுத்த அது உதவலாம். இறங்கிப்போன நீர்மட்டத்தைப் பிசினால் உயர்த்த முடியாது. ஆகவே வெட்டத் தொடங்கும் முன்பே, சில ஆண்டுகள், மழையில்லாத வாரங்களில், ஓடையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஓட்டத்தை அளந்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாவிட்டால், பின்னால் ஓடை வற்றும்போது கம்பெனி வெயிலைக் கைகாட்டிவிட்டுப் போய்விடும்.