அந்தக் கட்டுரையை யார் பயன்படுத்தினார்கள்?

பூம்பாறையிலிருந்து ஒரு மகளிர் குழுவினர் என் ஆய்வகத்துக்கு ஒரு கண்ணாடி பாட்டில் கொண்டுவந்தார்கள். உள்ளே உரித்த மலைப்பூண்டு, மேலே தளும்பத் தளும்ப நல்லெண்ணெய். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு சுற்றுலா வருபவர்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், அவர்களுக்கு விற்கலாம் என்று யோசனை. "எண்ணெயில முங்கிக் கெடந்தா கெடாதுல்ல மேடம்? ஆறு மாசம்னு லேபிள் ஒட்டிக்கவா?" என்று கேட்டார் குழுத் தலைவி.

வேண்டாம் என்று யோசிக்காமல் சொன்னேன். அப்படிச் சொல்ல வைத்தது 1988-ல் வெளிவந்த ஒரு கட்டுரை.

1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு பாட்டுலிசம் வந்தது. நரம்புகளை முடக்கி, மூச்சையே நிறுத்தக்கூடிய நோய் அது; ஒரு கிருமி கக்கும் நஞ்சால் வருவது. பலருக்கு முதலில் வேறு நோய் என்று சொல்லி மருத்துவம் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் தேடிப் பிடித்து அந்தக் கட்டுரை சொன்ன காரணம், நறுக்கி எண்ணெயில் போட்டு, குளிரில் வைக்காமல் விட்ட பூண்டு. இந்தக் கிருமி மண்ணில் இருப்பது. அதன் வித்துகள் பூண்டோடு ஒட்டிக்கொண்டே வரும். பூண்டில் புளிப்பு போதாது, எண்ணெய் காற்றை அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்த இடத்தில் வித்து முளைத்து நஞ்சைக் கக்கும். மோந்து பார்த்தாலும் ருசித்தாலும் தெரியாது. கொதிக்க வைத்தால் போதாதா என்பார்கள். வித்தைக் கொல்ல அழுத்தத்தோடு 121 டிகிரி சூடு வேண்டும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

1989-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மேலும் 3 பேருக்கு இதே பூண்டு எண்ணெயால் நோய் வந்தது. அதற்குப் பிறகு இப்படி விற்கும் பூண்டில் அமிலம் போன்ற தடுப்பு சேர்த்தாக வேண்டும் என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. ஆய்வின் தாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அதே வாரம் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் வந்தார். "ஏழு பேப்பர் போட்டுட்டேன் மேடம், எச்-இன்டெக்ஸ்தான் ஏறவே மாட்டேங்குது" என்றார் வருத்தத்தோடு. ஏழில் இரண்டு, பணம் கட்டிய நாலாம் நாளே ஏற்கப்பட்டவை. நாலு நாளில் யார் படித்துப் பார்த்திருப்பார்கள்? ஊறுகாயிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரைத் தட்டில் வளர்ந்த நிறத்தை மட்டும் வைத்து அடையாளம் கண்டு, 'புரோபயாடிக்', அதாவது உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர், என்று தலைப்பிட்டிருந்தார். மரபணு வரிசை பார்க்கவில்லை. இதை நம்பி ஒருவர் அதை மோரில் கலந்து விற்றால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

எச்-இன்டெக்ஸ் என்பது 2005-ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு. பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோளானால் எண் 10. மறுப்பதற்காகக் காட்டிய மேற்கோளும் அதில் சேர்ந்துவிடும். தன் கட்டுரையைத் தானே காட்டினாலும் சேரும். நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு: இனிஷியலும் பெயரும் ஒன்றாயிருக்கும் பலருடைய கட்டுரைகள் ஒரே கணக்கில் கலந்துவிடும். ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் இலவசம், முதல் கட்டுரைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 நவம்பரிலேயே நீக்கிவிட்டது. பல்கலைக்கழகங்கள் தனியாகக் கேட்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். எந்த இதழ்களை ஏற்கலாம் என்று சொன்ன யுஜிசி-கேர் பட்டியலும் 2025-ல் நின்றுவிட்டது. இனி எந்த இதழுக்கு அனுப்புவது என்பதை நாமே ஆராய்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே சிலருக்குத் தெரியாது.

ஒருவருடைய ஆய்வுப் பட்டியல் கையில் வந்தால் நான் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. இரண்டு கட்டுரைகளை எடுத்து, செய்முறைப் பகுதியை மட்டும் படிப்பேன். எத்தனை மாதிரி, ஒப்பீட்டுக்கு என்ன வைத்தார்கள், வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்று தேடுவேன். நீலகிரியில், 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்விலிருந்துதான் 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணை வந்தது. எத்தனையோ பேர் அதைப் பார்த்து உணவுத் திட்டம் போட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருப்பார்கள்?

அந்த மாணவரிடமே பூம்பாறைப் பூண்டைக் கொடுத்தேன். வினிகரில் ஊறவைத்து பிஎச் பார்க்கச் சொன்னேன்; புளிப்பு கூடக் கூட இறங்கும் எண் அது. 4.6-க்குக் கீழே இறங்கினால்தான் அந்தக் கிருமி முளைக்காது. நம் வீட்டுப் பூண்டு ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் தாராளமாகச் சேர்ப்பது அந்த வேலையைத்தான் செய்கிறது. முழுப் பல்லின் மேல்புறம் சீக்கிரம் புளித்தது, நடுவில் இன்னும் மேலேதான் நின்றது. பொடியாக நறுக்கிய பிறகுதான் உள்ளேயும் இறங்கியது. எண்ணெயில் போட்டதை வீட்டில் வைப்பதென்றால் ஃப்ரிட்ஜில், அதுவும் நாலு நாள்தான் என்பதையும் சேர்த்துத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

குழுவினர் அதை லேமினேட் செய்து சமையல்கட்டில் மாட்டியிருக்கிறார்கள். போன வாரம் தலைவி போன் செய்தார்: "மேடம், காளானுக்கும் அதே நாலு புள்ளி ஆறுதானா?" அதேதான் என்றேன். பாட்டிலை அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.