பேச்சே இல்லாத வானொலியில் பாடியவர் பெயரை யார் சொல்வது?

நிலையம் ஒலிக்கத் தொடங்கிய முதல் இரவு. மணி இரண்டே முக்காலுக்கு என் கைபேசி அலறியது. ஒலிபரப்பில் சத்தம் இல்லை என்ற எச்சரிக்கை. படுக்கையில் இருந்தபடியே மடிக்கணினியைத் திறந்து ஒலிபரப்புக் கணினிக்குள் நுழைந்தேன். எல்லாம் பச்சை. பாட்டு ஓடுகிறது என்கிறது திரை. விநாடிகள் நகர்கின்றன. ஒலி அளவைக் காட்டும் முள் மட்டும் அடியில் கிடக்கிறது. சவுண்ட் கார்டு, ஒலியைச் சுருக்கி அனுப்பும் என்கோடர், இணைய இணைப்பு என்று ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. கடைசியில்தான் என்ன பாட்டு என்று பார்த்தேன். நிர்வானா குழு 1991இல் வெளியிட்ட 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு.

அந்த சிடியின் பெரும்பாலான பிரதிகளில் கடைசிப் பாட்டு நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ஏறக்குறைய பத்து நிமிட நிசப்தம். அதற்கும் பிறகு, உறையில் குறிப்பிடப்படாத ஒரு பாட்டு இடி போல வெடிக்கும். சிடியை நிறுத்த மறந்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அது. 90களில் இப்படிப் பாட்டை ஒளித்து வைப்பது பல ராக் குழுக்களுக்கு வழக்கமாக இருந்தது. சிடியில் இவை எல்லாம் ஒரே டிராக். கணினியில் ஏற்றியபோது பாட்டு இங்கே முடிகிறது என்று யாரும் குறி வைக்கவில்லை. நானும் சரிபார்க்கவில்லை. சத்தம் நின்றால் தானாக மாற்று இயந்திரத்துக்குத் தாவும் ஏற்பாடு அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

அறிவிப்பாளர் ஒருவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தால் மூன்று விநாடியில் கை நீட்டி அடுத்த பாட்டைத் தட்டியிருப்பார்.

நான் லண்டனில் ஒலிபரப்புப் பொறியாளன். சின்ன டிஜிட்டல் வானொலி நிலையங்களைக் கட்டிக் கொடுப்பது என் தொழில். மேலே சொன்னது ஆல்டர்நேடிவ் ராக் மட்டும் ஒலிக்கும் நிலையம். 80களில் அமெரிக்கக் கல்லூரி வானொலிகளும் சின்னச் சின்ன இசை நிறுவனங்களும் வளர்த்தெடுத்த, பெரிய நிறுவனங்களின் ஹிட் வரிசைக்கு வெளியே நின்ற ராக் வகை அது. இந்த நிலையத்தில் அறிவிப்பாளர் கிடையாது, செய்தி கிடையாது, போட்டி கிடையாது. இருபத்து நான்கு மணி நேரமும் பாட்டு. சமீபத்தில் ரெடிங்கில் ஐடி வேலை பார்க்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணா, பாட்டு மட்டும்தானே? கம்ப்யூட்டரே போட்டுக்காதா? நானும் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்." அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பேச்சை எடுத்துவிட்டால் பாட்டு மட்டும் மிஞ்சும் என்று நினைக்கிறோம். அறிவிப்பாளர் செய்துவந்த வேலைகள் அத்தனையும் அப்படியே மிஞ்சும் என்பதுதான் என் அனுபவம். செய்ய ஆள்தான் இருக்காது.

லண்டனில் இதற்கு முன்னோட்டம் உண்டு. எக்ஸ்.எஃப்.எம். என்ற ஆல்டர்நேடிவ் நிலையம் 1997 செப்டம்பர் 1 அன்று 104.9 அலைவரிசையில் தொடங்கியது. இளவரசி டயானா இறந்த மறுநாள் அது. நாடே துக்கத்தில் இருந்த காலையில் ஒரு ராக் வானொலி பிறந்தது. தற்காலிக உரிமங்களில் சில வாரங்கள் ஒலிப்பதும் பிறகு அடங்குவதுமாக இருந்து, 'தி க்யூர்' குழுவைச் சேர்ந்தவர்களின் ஆதரவோடு நிரந்தர உரிமம் பெற்ற நிலையம். பத்து வருடம் கழித்து, 2007இல், பகல் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அறிவிப்பாளர்களை எடுத்துவிட்டு, நேயர்கள் கேட்கும் பாட்டுகளை மட்டும் போட்டார்கள். அடுத்த வருடமே அறிவிப்பாளர்கள் திரும்பி வந்தார்கள். பேச்சில்லா வானொலி கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கே அது பிடிக்கும். இரவில் கார் ஓட்டும்போது யாருடைய சிரிப்பும் இல்லாமல் பாட்டிலிருந்து பாட்டுக்குப் போவது தனி சுகம். ஆனால் குரல் போன இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்று முதல் நாளே முடிவு செய்திருக்க வேண்டும்.

குரலோடு முதலில் போவது பெயர். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். பி.எச். அப்துல் ஹமீது போன்றவர்கள் ஒரு பாட்டை அறிமுகம் செய்தால் படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று வரிசையாக வரும். பள்ளிக்கூடத்தில் படிக்காத பெயர்களை அப்படித்தான் ஒரு தலைமுறை மனப்பாடம் செய்தது. பேச்சில்லாத நிலையத்தில் அந்த வேலையைச் செய்யப்போவது ரேடியோவின் சின்னத் திரையில் நகரும் ஒரு வரி. எஃப்.எம்மில் அந்த வரிக்கு 64 எழுத்து இடம். டி.ஏ.பி. டிஜிட்டல் வானொலியில் 128. அவ்வளவுதான் இடம், அதையும் நாம் வீணாக்குகிறோம்.

தொகுப்பு சிடியிலிருந்து ஏற்றிய பாட்டுகளுக்குப் பாடியவர் பெயருக்குப் பதில் 'பலர்' என்று வரும். பாட்டின் தலைப்போடு '2011 ரீமாஸ்டர்', 'டீலக்ஸ் பதிப்பு' எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்து குழுவின் பெயரைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஹுஸ்கர் டு குழுவின் பெயரில் இரண்டு உயிரெழுத்துகளுக்கு மேல் இரட்டைப் புள்ளி உண்டு. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் பெயரில் ஒரு சாய்கோடு. ஒரு கணினி ஒரு குறியாக்கத்தில் அனுப்பி, அடுத்தது வேறொன்றாகப் படித்தால் இந்தப் பெயர்கள் குப்பையாகித் திரையில் விழும். பாமினி எழுத்துருவில் வந்த மின்னஞ்சலைத் திறந்து விழித்த தமிழருக்கு இந்த வலியை விளக்கவே வேண்டாம். எங்கள் நிலையத்தில் சுமார் நான்காயிரம் பாட்டுகளின் பெயர்களை இரண்டு பேர் உட்கார்ந்து கையால் திருத்தினோம். ஆறு வாரம் பிடித்தது. தொடக்கத் திட்டத்தில் அந்த வேலைக்கு ஒதுக்கியிருந்தது மூன்று நாள்.

திரையில் தப்பாக வந்தால் நேயருக்குத்தான் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பணமும் இந்தப் பெயரின் பின்னால்தான் போகிறது. பிரிட்டனில் ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தால் இரண்டு தனி உரிமைகளுக்குப் பணம் தர வேண்டும். எழுதி மெட்டமைத்தவர்களுக்கான பங்கு பி.ஆர்.எஸ். என்ற அமைப்பின் வழியாகப் போகும். பதிவு செய்த நிறுவனத்துக்கும் அதில் பாடி வாசித்தவர்களுக்குமான பங்கு பி.பி.எல். என்ற அமைப்பின் வழியாகப் போகும். எந்தப் பதிவு எத்தனை முறை ஒலித்தது என்று நிலையங்கள் கொடுக்கும் பட்டியல்தான் பங்கீட்டுக்கு அடிப்படை.

இப்போது 'க்ரீப்' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். ரேடியோஹெட் 1992இல் அந்தப் பெயரில் ஒரு பாட்டை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸின் முதல் ஆல்பத்திலும் அதே தலைப்பில் வேறொரு பாட்டு. 1994இல் டி.எல்.சி. குழுவின் பாட்டுக்கும் அதே தலைப்பு. இதில் ரேடியோஹெட் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஆல்பர்ட் ஹேமண்ட், மைக் ஹேசில்வுட் என்ற இருவர் பெயரும் உண்டு. அவர்கள் முன்பு எழுதிய ஒரு பாட்டின் சாயல் அதில் இருந்ததால் சேர்ந்த பெயர்கள். ஆக, பி.ஆர்.எஸ். பங்கு போக வேண்டிய ஆட்கள் வேறு, பி.பி.எல். பங்கு போக வேண்டிய ஆட்கள் வேறு. பட்டியலில் 'க்ரீப்' என்று தலைப்பு மட்டும் இருந்தால் காசு யார் வீட்டுக்குப் போகும்? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்துக் குறியீடு இருக்கிறது. ஸ்டூடியோ பதிவுக்கு ஒன்று, மேடையில் பாடியதற்கு வேறொன்று என்று ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி எண். பாட்டைக் கணினியில் ஏற்றும்போதே அந்தக் குறியீட்டையும் ஏற்றிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட நிலையம் எதுவும் பிறகு பார்த்ததை நான் கண்டதில்லை.

பெரிய குழுக்களுக்கு இதில் ஒன்றும் ஆகாது. அவர்கள் கணக்கைப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். தானே பதிவு செய்து, தானே சிடி போட்டு, பகலில் வேறு வேலை பார்க்கும் நாலு பேர் குழுவுக்குத்தான் அடி. ஆல்டர்நேடிவ் ராக் என்று பெயர் சூட்டிக்கொண்ட நிலையம் அவர்களுக்காகத்தானே பிறந்தது? அமெரிக்காவில் இதைவிட மோசம். அங்கே சாதாரண ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள் எழுதியவருக்குப் பணம் தருகின்றன; பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தரச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. இணையம், செயற்கைக்கோள் வழி ஒலித்தால்தான் அவர்களுக்குப் பங்கு. இங்கே சட்டம் கொடுத்திருக்கும் உரிமையை நம் சோம்பலால் பறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாட்டை வரிசைப்படுத்தும் மென்பொருளும் பெயரை நம்பித்தான் இயங்குகிறது. ஒருவரின் பாட்டு ஒலித்தால் அடுத்த ஒன்றரை மணி நேரம் அவர் பாட்டு வேண்டாம் என்று விதி போடலாம். ஆனால் நிர்வானாவின் டிரம்மர் டேவ் க்ரோல்தான் ஃபூ ஃபைட்டர்ஸின் பாடகர் என்று மென்பொருளுக்குத் தெரியாது. ப்ளர், கொரில்லாஸ் இரண்டிலும் டேமன் ஆல்பர்ன் என்பதும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் ஒரே ஆள் மூன்று முறை வருவார். நேயர் அலுத்து அணைத்துவிடுவார். ஏன் அணைத்தார் என்று எந்தப் புள்ளிவிவரமும் நமக்குச் சொல்லாது. இன்னொன்றையும் கவனித்தேன். ஆட்கள் யோசிக்காமல் இயந்திரத்திடம் விட்டால் இந்த வகை வானொலி முழுக்க ஆண்குரலாகிவிடும். பி.ஜே. ஹார்வி, எலாஸ்டிகா, தி ப்ரீடர்ஸ், வுல்ஃப் ஆலிஸ் எல்லாம் பட்டியலில் இருந்தும் நான்கு மணி நேரம் ஒரு பெண்குரல்கூட வராத இரவுகளைப் பதிவில் கேட்டிருக்கிறேன். இப்போது மணிக்குக் குறைந்தது மூன்று என்று விதி வைத்திருக்கிறோம்.

கெட்ட வார்த்தை விஷயம் சட்டச் சிக்கல். பிரிட்டனில் ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதிப்படி, குழந்தைகள் கேட்க அதிக வாய்ப்புள்ள நேரத்தில் மிகக் கடுமையான சொற்கள் வானொலியில் வரக்கூடாது. பள்ளி நாட்களில் காலை 6 முதல் 9 வரை, பிற்பகல் 3 முதல் 7 வரை. வார இறுதியிலும் விடுமுறையிலும் காலை 6 முதல் இரவு 7 வரை என்பது வழிகாட்டுதல். ராக் பாட்டுகளில் பலவற்றுக்கு வானொலிக்கென்று திருத்திய பதிப்பு இருக்கும். ஆல்பத்தை அப்படியே ஏற்றியவரிடம் அது இருக்காது. தவறி வந்துவிட்டால் உடனே மன்னிப்புக் கேட்கவும் அங்கே குரல் இல்லை. ஒலித்தது அனைத்தின் பதிவையும் 42 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இனி ஒலித்தரம். டி.ஏ.பி.யில் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே அலைவரிசைக்கு மல்டிபிளக்ஸ் என்று பெயர்; அதில் இடத்தை அலகுக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். மொத்தம் 864 அலகு. வழக்கமான அமைப்பில் விநாடிக்கு 32 கிலோபிட் அனுப்பும் நிலையத்துக்கு 24 அலகு; 64 கிலோபிட்டுக்கு 48. வாடகையை மிச்சம் பிடிக்கப் பலர் 32க்குப் போகிறார்கள். பேச்சுக்கு அது போதும். இந்த இசைக்குப் போதாது. அந்த அளவில் என்கோடர் மேல் ஸ்தாயி ஒலிகளை முழுதாக அனுப்பாது; சில குறிப்புகளை மட்டும் அனுப்பி, மிச்சத்தை ரேடியோவையே ஊகித்து நிரப்பச் சொல்லும். சிம்பல் அடியும் கரகரத்த கிடாரும் சேரும் இடத்தில் தகரத்தின் மேல் மணல் கொட்டுவது போல் கேட்கும். அதோடு எம்.பி.3 கோப்பை ஊட்டினால் நசுங்கியது மறுபடி நசுங்கும். தரம் குறையாமல் சேமிக்கும் ஃப்ளாக் கோப்பாக வையுங்கள். சத்தத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் கருவியையும் அளவோடு திருகுங்கள். பிக்ஸிஸ் போன்ற குழுக்களின் பாட்டே முணுமுணுப்பிலிருந்து கூச்சலுக்குத் தாவுவதில்தான் இருக்கிறது. முணுமுணுப்பைக் கருவி தூக்கிவிட்டால் கூச்சலுக்கு வேலை இல்லை.

இணையத்தில் விட்டால் உலகமே கேட்கும் என்று அந்தத் தம்பி சொன்னான். ஆனால் பாட்டை ஒலிக்கும் உரிமம் அந்தந்த நாட்டோடு நிற்கும். இணையத்தில் வானொலி கேட்க உதவும் ட்யூன்இன் செயலி மீது இரண்டு பெரிய இசை நிறுவனங்கள் லண்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2019இல் வந்த தீர்ப்புக்குப் பிறகுதான், 2020இல் வெளிநாட்டு நிலையங்கள் பலவும் அந்தச் செயலியில் பிரிட்டன் நேயர்களுக்கு மூடப்பட்டன. சென்னை எஃப்.எம். திடீரென்று நின்றுபோனதே என்று இங்கே பலர் அப்போது என்னிடம் கேட்டார்கள். காரணம் இதுதான்.

அந்த முதல் இரவுக் கோப்பை மறுநாளே இரண்டாக வெட்டினேன். நிசப்தத்தை எடுத்துவிட்டு, ஒளிந்திருந்த பாட்டுக்குத் தனிப் பதிவும் தனித் தலைப்பும் கொடுத்தேன். அது இப்போது நள்ளிரவுக்குப் பிறகு எப்போதாவது ஒலிக்கும்.

பிரிட்டனில் பாடும், வாசிக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். யாருடைய ஆல்பத்திலாவது ஒரு பாட்டுக்கு மிருதங்கமோ பேஸ் கிடாரோ வாசித்திருந்தாலும் பி.பி.எல்லில் கலைஞராகப் பதிந்துகொள்ளுங்கள். பதிவதற்குக் கட்டணம் இல்லை. எந்தப் பதிவில் என்ன வாசித்தீர்கள் என்பதையும் அங்கே சேர்த்துவிடுங்கள். ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.