பெருக்க மரத்துக்கு எப்போது தண்ணீர் விடக்கூடாது

செனெகலின் உள்நாட்டில் மழைக்கு முந்தைய வாரங்களில் மண் கொதிக்கும். புல் காய்ந்து தூளாகியிருக்கும், கிணறுகள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். மாதக்கணக்கில் மொட்டையாக நின்ற பெருக்க மரம் அப்போதுதான் துளிர்விடத் தொடங்கும். முதல் மழை விழுவதற்கு முன்பே கிளை நுனிகளில் பச்சை தெரியும். இந்தத் தளிருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிட்டால், இந்த மரத்தை வளர்ப்பதில் பாதி வேலை முடிந்தது.

அடன்சோனியா டிஜிடேட்டா என்ற இந்த மரத்தின் தாயகம் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட புல்வெளிகள். செனெகல் முதல் சூடான் வரையிலும், தெற்கே தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ வரையிலும் பரவி நிற்கிறது. மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் மரங்களைப் பெருக்க மரம் என்பார்கள். தமிழ்நாட்டில் பப்பரப்புளி, ஆனைப்புளி என்ற பெயர்களும் உண்டு. பழம் புளிப்பதால் வந்த பெயர்தானே தவிர, புளிய மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. வெண்டை, பருத்தி, இலவம் ஆகியவற்றின் குடும்பம் இது. (நம் புளியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் அது வேறு வழி, வேறு குடும்பம்.) இந்தியாவில் உள்ள பெருக்க மரங்கள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்திலிருந்து ஒருமுறை அல்ல, பலமுறை கொண்டுவரப்பட்டவை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

பெருத்த தண்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, இது ஒரு தண்ணீர்த் தொட்டி, மரம் கோடையில் அதிலிருந்து குடித்துத் தாக்குப்பிடிக்கிறது என்பதே. தண்டில் தண்ணீர் இருப்பது உண்மை. வெட்டிய பச்சைத் துண்டு கையில் ஈரப் பஞ்சு போல இருக்கும், அழுத்தினால் அமுங்கும். காய்ந்தால் சுருங்கி வெறும் நார்க்கட்டாகிவிடும். மடகாஸ்கரில் உள்ள பெருக்க இனங்களை அளந்தபோது, வெட்டிய பச்சைக் கட்டையின் எடையில் 79 சதவீதம் வரை தண்ணீராகவே இருந்தது.

ஆனால் மரம் அதைக் குடிப்பதில்லை. 2006இல் வெளியான அந்த மடகாஸ்கர் ஆய்வுகளில், மழைக்கு முன் தளிர் விரியும்போது தண்டின் நீர் அளவு அதிகபட்சம் 12 சதவீதம்தான் குறைந்தது. விரிந்த இலைகளின் துளைகளோ மழை வரும்வரை மூடியே இருந்தன. இலையை விரிக்க மட்டும் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அந்த இலையை வேலைசெய்ய விடாமல் மரம் காத்திருக்கிறது. மழை விழுந்து வேர் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிய மறுகணம், தயாராக விரிந்திருக்கும் இலையில் உணவுத் தயாரிப்பு ஆரம்பித்துவிடும். குறுகிய மழைக்காலத்தில் ஒரு நாளும் வீணாவதில்லை.

மீதித் தண்ணீரை ஏன் தொடுவதில்லை? அதன் கட்டை அவ்வளவு மெத்தென்றது. தண்ணீர் நிரம்பிய உயிரணுக்கள் காற்றடித்த சைக்கிள் டியூப் போல விறைத்து நிற்பதால்தான் அந்தப் பெரிய உடல் நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீரைச் செலவழித்தால் விறைப்புப் போய்விடும். சூடானின் கோர்டோஃபான் பகுதியில் பெருக்க மரத் தண்டைக் குடைந்து மழைநீரைத் தேக்கி வைக்கும் வழக்கம் உண்டு; அது குழியில் மனிதர் ஊற்றிய தண்ணீர், மரத்தின் உடம்பில் இருக்கும் தண்ணீர் அல்ல.

ஆக, வறட்சியை இந்த மரம் தாங்குவது குடித்து அல்ல, நோன்பிருந்து. இலையை உதிர்க்கிறது, வேரை ஓயவிடுகிறது, பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய பச்சைப் படலத்தோடு காலம் தள்ளுகிறது. வளர்ப்பவர் அந்த நோன்பைக் கலைத்தால்தான் செடி சாகும். தொட்டியில் வளரும் பெருக்கக் கன்றுகளில் வறண்டு செத்தவற்றைவிட, இலையில்லாத காலத்தில் இரக்கப்பட்டு ஊற்றிய தண்ணீரால் அழுகியவையே மிக அதிகம்.

விதையிலிருந்து தொடங்குவோம். பழத்தின் ஓடு வெல்வெட் போல மயிரடர்ந்தது, சுத்தியலால் தட்டினால் உடையும். உள்ளே சுண்ணாம்புக்கட்டி போலப் பொடியும் வெள்ளைச் சதை, அதற்குள் சுமார் 1 செ.மீ. நீளமுள்ள, அவரை விதை போல ஒரு பக்கம் உள்வளைந்த கறுத்த விதைகள். இரவு முழுக்க ஊறவைத்துச் சதையைக் கசக்கிக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் சதையில்தான் முதல் பூஞ்சணம் வரும். கழுவிய விதையை அப்படியே விதைத்தால் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும். தோல் தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் யானையும் பபூன் குரங்கும் தின்று வயிற்றில் பதப்படுத்தி வெளியேற்றும் வேலையை இங்கே நகவெட்டி செய்ய வேண்டும்.

உள்வளைந்த பக்கத்தைத் தொடாதீர்கள், முளைவேர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வெளிவளைந்த முதுகில் நகவெட்டியாலோ அரத்தாலோ ஒரு சிறு வாய் எடுங்கள். கறுப்புத் தோலுக்குள் வெளிர்நிறம் ஒரு புள்ளியளவு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் 24 மணி நேரம். நன்றாக வாய் எடுத்த விதை பருத்து, தோல் வழுவழுப்பாகும். பருக்காததை எடுத்து இன்னும் கொஞ்சம் அராவி மறுபடி ஊறவையுங்கள். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு ஆறவிடும் முறையும் உண்டு. சுலபம், ஆனால் முளைப்பு சீராக இருக்காது. நாற்றுப்பண்ணைகள் அடர் கந்தக அமிலத்தில் 6 முதல் 12 மணி நேரம் போட்டு எடுக்கின்றன. வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

பருத்த விதையை அன்றே விதைத்துவிட வேண்டும். ஆற்று மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவு வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பை 30 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும், விதைக்கும் ஆழம் 1.5 செ.மீ. போதும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும். விதைத்தோல் வித்திலைகளைக் கவ்விக்கொண்டு தொப்பி மாதிரி நின்றால் பிய்க்காமல், தண்ணீர் தெளித்து இளகவைத்து விரலால் மெதுவாகக் கழற்றுங்கள். தண்டு மண்மட்டத்தில் நூல் போலச் சுருங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். அந்த நாற்று பிழைக்காது, மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். முதல் இலைகள் ஒற்றை இலைகளாகத்தான் வரும். விரல் விரித்த உள்ளங்கை போன்ற வடிவம் பிறகுதான். இது தெரியாமல் களை என்று பிடுங்கிப் போடுவது அடிக்கடி நடக்கிறது.

மண்ணுக்குமேல் ஒரு சாண் செடி இருக்கும்போதே கீழே ஆணிவேர் முள்ளங்கி போலப் பருத்திருக்கும். ஆழமில்லாத தட்டில் வளர்த்தால் இது வளைந்து சுருளும். பிடுங்கி நடும்போது நுனி முறிந்தால் அந்தக் காயத்தில் அழுகல் நுழையும். பையோடு கீறி, மண் உடையாமல் நடுவதற்குக் காரணம் இதுதான்.

இலை இருக்கும் காலத்தில் தாராளமாக ஊற்றலாம். தொட்டியின் அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, மேல்மண் 5 செ.மீ. காய்ந்தபின் மறுபடி ஊற்ற வேண்டும். இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கியதும் பாதியாகக் குறையுங்கள். முழுதும் உதிர்ந்தபின் வளர்ந்த செடிக்கு நிறுத்திவிடுங்கள். முதலாண்டுக் கன்றுக்கு மட்டும், நுண்வேர்கள் சாகாமலிருக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர். மொட்டு நுனியில் பச்சை தெரிந்த பிறகே அடுத்த முழுத் தண்ணீர். காரணம் எளிது: இலையில்லாத செடி தண்ணீரை இழுக்காது, மண் ஈரமாகவே கிடக்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, செத்த வேரில் பூஞ்சை ஏறி நீர் நிரம்பிய தண்டுக்குள் விரைவாகப் பரவும்.

தண்டு தளர்ந்திருந்தால் தாகமா அழுகலா என்று பார்க்கக் கட்டைவிரல் போதும். முழுத் தண்டும் ஒரே சீராகச் சற்றே தளர்ந்து, தோலில் மெல்லிய சுருக்கம் இருந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறை. வளர்காலத்தில் ஒருமுறை நனைத்தால் சில நாளில் இறுகிவிடும். மேலே கெட்டியாக இருந்து, மண்ணை ஒட்டிய கழுத்து மட்டும் அமுங்கி, பழுப்பேறி, புளித்த வாடை வந்தால் அழுகல். உடனே பிடுங்கி, கெட்ட பகுதியை வெள்ளைச் சதை தெரியும்வரை சுத்தமான கத்தியால் வெட்டி, கந்தகத் தூள் தடவி, நிழலில் ஒன்றிரண்டு வாரம் காயவிட்டு, காய்ந்த மணலில் நட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. கழுத்தைச் சுற்றி முழுவதும் கெட்டிருந்தால் இல்லை.

நிலத்தில் நட ஏற்ற கன்று 3–4 மாத வயதில் 40–50 செ.மீ. உயரம் இருக்கும். மழை தொடங்கும்போது, 60 செ.மீ. குழியில், கழுத்து மண்ணுக்கு மேலே நிற்கும்படி சற்று மேடாக நடுங்கள். மரத்துக்கு மரம் 10 மீட்டராவது வேண்டும். உறைபனி விழும் இடத்தில் கன்று நிற்காது. மற்றபடி பெரிய எதிரி ஆடு. ஆப்பிரிக்கக் கிராமங்களில் கிழ மரங்கள் நிறைய இருந்தும் இளமரங்கள் அரிதாக இருப்பதற்கு மேய்ச்சலும் தீயும் முக்கியக் காரணங்கள். கிளை ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை முள்வேலியை எடுக்கக்கூடாது. பூச்சிகளில் பருத்தியைத் தாக்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சி இதிலும் தங்கும், குடும்பம் ஒன்றல்லவா.

மேற்கு ஆப்பிரிக்காவில் பழத்துக்கு இணையாக இலைக்கும் மதிப்பு. காயவைத்துப் பொடித்த இலை குழம்புக்கு வெண்டைக்காய் போன்ற வழவழப்பைத் தரும். ஆனால் கிளைகளை ஆண்டுதோறும் இலைக்காக வெட்டும் மரத்தில் பழம் எதிர்பார்க்க முடியாது. அதனால் மாலியிலும் புர்க்கினா ஃபாசோவிலும் கீரைப் பாத்தி போல நெருக்கமாக விதைத்து, கன்றாகவே அறுவடை செய்யும் முறையைப் பரப்பினார்கள். மிக நல்ல ஏற்பாடு. இலையை வெயிலில் அல்ல, நிழலில் காயவைத்தால் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் சத்து அதிகம் மிஞ்சும்.

பழத்துக்குப் பொறுமை வேண்டும். விதைக் கன்று முதலில் பூக்க இடத்தைப் பொறுத்து 8 ஆண்டும் ஆகலாம், 20 ஆண்டைத் தாண்டவும் செய்யலாம். வெள்ளைப் பூ மாலையில் விரிந்து, இரவில் பழந்தின்னி வௌவால்களுக்குக் காத்திருந்து, மறுநாள் வாடிவிடும். தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காத மரம் இது. தனியாக ஒன்று நின்றால் பூ நிறைய இருக்கும், காய் இருக்காது. கிராமத்தார் ‘ஆண் மரம்’ என்று ஒதுக்கும் மரங்களும் உண்டு. பூவில் ஆண், பெண் இரண்டு உறுப்பும் இருந்தாலும் அவை காய்ப்பது குறைவு. ஆகவே நன்றாகக் காய்த்த மரத்திலிருந்து, இலையில்லாத காலத்தின் கடைசியில், மொட்டு புடைக்கும் தருணத்தில் பென்சில் கனமுள்ள குச்சியை எடுத்து, கன்றின்மேல் ஆப்பு ஒட்டுக் கட்டுவது (கன்றின் தண்டைப் பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியைச் செருகிக் கட்டுவது) சிறந்த வழி. ஒட்டு மரம் ஐந்தாண்டுக்குள்ளேயே காய்க்கத் தொடங்கலாம்.

பூத்து 5–6 மாதத்தில் ஓடு பழுப்பாகி, காம்பு காயும்போது பறிக்கலாம். சதை மரத்திலேயே காய்ந்துவிடுவதால் தனியாக உலர்த்தத் தேவையில்லை. இடித்துச் சலித்து, காற்றுப்புகாமல் மூடினால் போதும். ஈரம் பட்டால் கட்டியாகி நிறம் மாறும். 100 கிராம் சதையில் பரவலாக 150 முதல் 300 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் இந்தப் பழச்சதையை உணவுப்பொருளாக அனுமதித்தது. கொதிக்கவைத்தால் வைட்டமின் சி குறையும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, சர்க்கரை சேர்த்து வடிகட்டினால் செனெகல்காரர்கள் ‘புய்’ என்று குடிக்கும் பானம். வடிகட்டியில் தங்கும் விதைகள் சதை நீங்கிச் சுத்தமாக இருக்கும், நகவெட்டியை எடுத்துக்கொள்ளலாம்.