செம்புக்கு மூச்சு முட்டினால் சிவப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குயவர் எர்னெஸ்ட் ஷாப்லே செய்த சிவப்புப் பீங்கான் ஜாடி ஒன்றை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வாய் விளிம்பில் சிவப்பே இல்லை, வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. கழுத்தில் ரோஜா நிறம் மெல்லத் தொடங்குகிறது. தோளைத் தாண்டியதும் கருஞ்சிவப்பு. அடிவயிற்றில் ஊதா கலந்த திட்டுகள், அடியில் கெட்டியாகத் திரண்டு நிற்கும் பூச்சு. இத்தனைக்கும் அவர் தூரிகையைத் தொடவில்லை. ஜாடி முழுக்க ஒரே பூச்சு, அதில் நிறம் தருவது ஒரே உலோகம். செம்புதான் அது.

செம்பு என்றால் நமக்குப் பச்சையும் நீலமும்தான் நினைவுக்கு வரும். புளி போட்டுத் தேய்க்காத குடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். மயில்துத்தம் பளிச்சென்ற நீலம். குயவர்களுக்கும் அப்படித்தான் பழக்கம். ஷாப்லேயின் காலத்திலேயே தியோதோர் தெக் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் செம்பை வைத்து அருமையான பச்சைநீலம் கொண்டுவந்தார், அதற்கு அவர் பெயரையே வைத்து ‘தெக் நீலம்’ என்றார்கள். அப்படியானால் சிவப்பு எங்கிருந்து வந்தது?

சூளைக் காற்றிலிருந்து என்பேன் நான். கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஊறுகாய் ஜாடியின் மேல் பளபளக்கிறதே, அந்தப் பூச்சுக்குக் கிளேஸ் என்று பெயர். உண்மையில் அது மெல்லிய கண்ணாடிதான். கல்பொடியும் சாம்பலும் போன்ற சரக்குகளைத் தண்ணீரில் கரைத்துப் பாண்டத்தின் மேல் பூசிச் சுட்டால், உருகிக் கண்ணாடியாகப் படியும். அதில் செம்பு ஆக்சைடைக் கலந்து, தாராளமாகக் காற்றோட்டம் உள்ள சூளையில் சுட்டால் செம்பும் ஆக்சிஜனும் கைகோத்தபடியே இருக்கும், நிறம் பச்சை அல்லது நீலம். சிவப்பு வேண்டுமென்றால் அந்தக் கையை விடுவிக்க வேண்டும். அதற்காகச் சூளைக்காரர் புகைபோக்கியின் அடைப்பைப் பாதி மூடுவார், விறகை மேலும் திணிப்பார். நெருப்புக்கு ஆக்சிஜன் போதாமல் கரும்புகை கிளம்பும், உள்ளே கார்பன் மோனாக்சைடு நிரம்பும். இந்த வாயுவுக்கு ஆக்சிஜன் மேல் தீராப் பசி. காற்றில் கிடைக்காததைப் பூச்சில் இருக்கும் செம்பிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

நேரம் இங்கே முக்கியம். கிளேஸ் உருகி மூடிக்கொள்வதற்கு முன்பே புகையூட்டத் தொடங்க வேண்டும். உருகிய பிறகு வாயு உள்ளே நுழைவது பெரும்பாடு. அப்புறம் சூட்டை 1,250 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டும்.

இவ்வளவு செய்தும் அந்த உச்சச் சூட்டில் பூச்சு சிவந்திருக்காது. ஆக்சிஜனை இழந்த செம்பு, உருகிய கண்ணாடியில் கரைந்து நிறமில்லாமல் கிடக்கும். சூளை ஆறும்போதுதான் செம்பு அணுக்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து துகள்களாகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இந்தத் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அகலம்தான். ஒளி பட்டதும் அவற்றிலுள்ள எலக்ட்ரான்கள் கூட்டமாக முன்னும் பின்னும் ஊசலாடி, மஞ்சளும் பச்சையுமான ஒளியை விழுங்கிவிடும். மிஞ்சி நம் கண்ணுக்கு வருவது சிவப்பு. பிரான்சின் சார்த்ர் தேவாலயத்தின் பழைய சாளரங்களில் சிவப்புக் கண்ணாடி மின்னுவதும் இதே செம்புத் துகள்களால்தான்.

வேகமாக ஆறினால் துகள் உருவாக நேரமில்லை, பூச்சு வெளிறிப்போகும். துகள்கள் அளவுக்கு மீறி வளர்ந்தாலோ, செம்பு கூடிவிட்டாலோ ஈரல் நிறத்தில் மங்கிவிடும். 100 கிராம் பூச்சுக்கு அரை கிராம் செம்பு ஆக்சைடே போதும். கூடவே இன்னொரு தொல்லை, அந்தச் சூட்டில் செம்பு ஆவியாகவும் பறக்கும். பக்கத்தில் வெள்ளை ஜாடி இருந்தால் அதன் கன்னத்தில் ரோஜா நிறம் ஏறிவிடும். சூளைச் சுவரின் கண்துளை வழியாகக் கம்பி விட்டு, அதே பூச்சு பூசிய சோதனை வளையத்தை இழுத்துப் பார்க்கலாம்தான். ஆனால் வெளிக்காற்றில் சட்டென்று ஆறிய வளையம், உள்ளே மெதுவாக ஆறப்போகும் ஜாடியின் நிறத்தைச் சொல்லாது. சூளையைப் பிரிக்கும் நாள்வரை பொறுக்க வேண்டும்.

சரி, விளிம்பில் அந்த வெள்ளைக் கோடு? உருகிய பூச்சு கீழ்நோக்கி வழிவதால் வாய்ப்பக்கம் மெலிந்துவிடும். கடைசியில் சூளைக்குள் புகும் காற்று, மெலிந்த இடத்தில் உள்ள செம்பை மறுபடி ஆக்சிஜனோடு சேர்த்துவிடும். சிவப்பு கலைந்துவிடும், அடியிலிருக்கும் வெண்பீங்கான் தெரியும். வழிந்தது அடியில் தேங்கும். பல ஜாடிகளின் அடியைச் சாணைபிடித்துத்தான் சமன்செய்ய முடியும்.

இந்தச் சிவப்பைச் சீனக் குயவர்கள் எப்போதோ கைவசப்படுத்தியிருந்தார்கள். காங்ஷி பேரரசர் காலத்தில், அதாவது 1662 முதல் 1722 வரை, ஜிங்தேஜென் சூளைகளில் அது உச்சத்தைத் தொட்டது. ஐரோப்பாவுக்கு ஜாடி வந்தது, செய்முறை வரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அந்த நிறத்துக்குக் ‘காளை ரத்தம்’ என்று பெயர் வைத்தார்கள். நயமான பெயர் இல்லை, ஆனால் பொருத்தமானது. 1880-களில் செவ்ர் அரசுப் பீங்கான் தொழிலகத்தின் வேதியியலாளர்களும் இதன் பின்னால் அலைந்தார்கள்.

ஷாப்லே அதே செவ்ர் ஊரில் 1835-இல் பிறந்தவர். சிறுவனாகவே அந்தத் தொழிலகத்தில் சேர்ந்து சித்திர வேலை கற்றார். அப்புறம் ஹவிலான்ட் பீங்கான் நிறுவனத்துக்காகக் களிமண் குழம்பையே சாயமாக்கிப் பாண்டங்களில் தீட்டினார். பாரிஸின் புளோமே தெருப் பட்டறையில் பழுப்பு நிற ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டி மண்பாண்டம், செய்தார். ஓவியர் பால் கோகன் 1886-இல் மண்ணைப் பிசையத் தொடங்கியது இவர் பட்டறையில்தான். இப்படி ஓவிய அலங்காரத்திலேயே பேர் வாங்கிய மனிதர், 1887-இல் பட்டறையை ஒகுஸ்த் தெலாஎர்ஷ் என்ற குயவரிடம் ஒப்படைத்துவிட்டு, பாரிஸுக்கு அருகிலுள்ள ஷுவாசி-லெ-ருவாவுக்குப் போனார். ஐம்பதைத் தாண்டிய வயது. அங்கே பூவும் இல்லை, உருவமும் இல்லை. எளிய வடிவம், அதன் மேல் நெருப்பு போடும் நிறம், அவ்வளவுதான். ஈபெல் கோபுரம் திறந்த அதே 1889 உலகக் கண்காட்சியில் இந்த ஜாடிகளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

1904-இல் அவருக்குப் பார்வை போய்விட்டது. ஷுவாசி பட்டறையை மருமகன் எமில் லெநோப்ல் எடுத்து நடத்தினார். ஷாப்லே 1909-இல் இறந்தார். லெநோப்லுக்குப் பேர் வாங்கித் தந்தது சிவப்புப் பீங்கான் இல்லை, கோடு கீறி அலங்கரித்த ஸ்டோன்வேர்.