பயம் போன பிறகும் ஓடும் இதயம்

கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “சேர், மகள் இந்த முறை ஓ.எல். சோதினை எடுக்கிறாள். சித்தியின்ர பெட்டையோட சேர்ந்து போனில பேய்ச் சீரியல் பாக்கிறாள். வீரிட்டுக் கத்துறாள், தலையணையால முகத்தைப் பொத்துறாள், பேந்தும் அடுத்ததைப் போடு எண்டுறாள். பயமெண்டா ஏன் பாக்கிறது? அயலில நூல் கட்டச் சொல்லுகினம்.”

நூல் வேண்டாம். பிள்ளையின் உடம்பு செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது.

பயம் பிடிக்கும் விதம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். திடீர்ச் சத்தம், இருட்டில் ஓர் உருவம். மூளையில் ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்ளும், சிறுநீரகங்களுக்கு மேலிருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். அடுத்த கணமே, ‘இது போன், நீ வீட்டில் பாயில் இருக்கிறாய்’ என்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை சொல்லிவிடும்.

எனக்கு ஆசை தீராத இடம் இனித்தான் வருகிறது. புத்தி நொடியில் தெளிந்துவிடும். உடம்பின் படபடப்பு அப்படிப் போகாது, சில நிமிடங்கள் கிடக்கும். விறகை இழுத்த பிறகும் அடுப்பில் கிடக்கும் தணலில் கருவாடு சுடுகிறோமே, அப்படி இந்த மிச்சச் சூட்டில் அடுத்து வரும் உணர்ச்சி வேகிறது. உளவியலாளர் டொல்ஃப் சில்மன் இதைக் கிளர்ச்சி இடமாற்றம் என்று விளக்கினார். அவரும் ஜோன் கன்ரரும் ஜெனிங்ஸ் பிறயன்ற்றும் 1975இல் வெளியிட்ட சோதனை அழகானது. மாணவர்களை உடற்பயிற்சி செய்யவைத்து, பிறகு காமச் சுவையுள்ள படம் காட்டினார்கள். மூச்சு வாங்க வாங்கப் பார்த்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றுமில்லை; துடிப்பு பயிற்சியால் வந்தது என்று அவர்களுக்கே தெரியும். முழுக்க ஆறிய பிறகு பார்த்தவர்களுக்கும் அப்படித்தான். இடையில் பார்த்தவர்களுக்குத்தான் படம் அதிகம் ஏறியது. தாங்கள் ஆறிவிட்டதாக நினைத்தார்கள், இதயம் ஆறவில்லை. மிச்சத் துடிப்பைப் படத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள்!

இனித் தொடருக்கு வாருங்கள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் இரண்டாம் பாகத்தில் (2017), கடைசி அத்தியாயத்தில் லெவன் என்ற சிறுமி மூக்கில் இரத்தம் வழிய மறு உலகத்தின் வாசலை மூடுகிறாள். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட நடனம். அவளும் அவளுக்குப் பிடித்த பையன் மைக்கும் ஆடுகிறார்கள். அந்த நடனத்தை மட்டும் வெட்டிக் காட்டினால் சாதாரணக் காட்சி. வாசல் மூடும்வரை நெஞ்சு அடித்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய காதல் இல்லை. பேயையும் நட்பையும் முதற்காதலையும் மாறி மாறி அடுக்கும் இந்தத் தொடர்களின் பலம் பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம்.

பதின்ம வயதில் இன்பத்தைத் தேடவைக்கும் மூளையின் வெகுமதிப் பகுதிகள் துடிப்பானவை. அடக்கி நடத்தும் முன்மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். கூட்டாளி பக்கத்தில் இருந்தால் விறுவிறுப்பு இன்னும் கூடும். சித்தியின் மகளும் அந்தப் பாயில் இருப்பது சும்மா இல்லை.

ஆனால் இவ்வளவும் ‘நான் பத்திரம்’ என்ற தீர்ப்பு வந்தால்தான். அதே போனில் டமார் என்று கேட்க, குசினியில் நிற்கும் தாயின் கையிலிருந்து சட்டி விழக்கூடும். மகள் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவள். தாய் அந்தப் போரைக் கடந்து வந்தவர். மனவடுப் பட்டவர்களுக்குத் திடுக்கிடல் அதிகம், தணியவும் நேரமெடுக்கும். வன்னியின் கூட்டு மனவடு பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இலேயே எழுதினார். ஒரே வீட்டில் ஒரே சத்தம் இரண்டு தலைமுறையின் உடம்பில் எப்படி இறங்குகிறது என்று அளந்து பார்க்க வவுனியாப் பல்கலைக்கழகம் வன்னியிலேயே இருக்கிறது; காசுதான் வேண்டும். நாட்டு உற்பத்தியில் 0.2 வீதம்கூட ஆராய்ச்சிக்குப் போவதில்லை. பேய், கண்ணூறு போகவென்று கழிப்புக் கழிக்க வீட்டுக்கு வீடு காசு போவதைப் பார்க்க வயிறெரிகிறது.

அம்மா, பயக் காட்சியின் நடுவில் போனைப் பறிக்காதீர்கள். மிச்சத் துடிப்பு கோபத்திலும் இதேபோல ஏறும். பிள்ளை உங்கள் மேல் சீறினால் பாதி பேயின் பங்கு. அத்தியாயம் முடியட்டும். முடிந்ததும் உடனே படுக்க விடாமல், கொஞ்ச நேரம் கதை கேளுங்கள்: ஆர் செத்தது, ஆர் ஆரைக் காப்பாத்தினது என்று. சத்தம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் காதில் மாட்டிப் பார்க்கச் சொல்லலாம், அதை அவளிடம் வெளிப்படையாகவே சொல்லலாம்.