ராக்கெட் துண்டு விலைக்கு வருதா? முதலில் டெலிவரி ஆர்டரைக் கேளுங்க

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கு டச், அதாவது எவ்வளவு சுத்தம் என்று, பார்ப்பது என் தொழில். கொலுசு, அரைஞாண், உருக்கிய கட்டி என்று நாள் முழுக்க, என்ன உலோகம் என்று சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினுக்குள் போய் வந்துகொண்டிருக்கும். நடுவில் மாதத்துக்கு ஒருவராவது வேறு மாதிரிப் பொட்டலத்தோடு வருவார், வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார்.

போன மாதம் அப்படி வந்தவர் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். "அண்ணா, இது சேட்டிலைட்டுல கழட்டுனதுங்க. கவர்மெண்ட் ஏலத்துல எடுத்தாங்களாம். இரிடியம் இருக்குதான்னு பாருங்க" என்றார். இரிடியம் என்பது பிளாட்டினம் வகையைச் சேர்ந்த விலை உயர்ந்த உலோகம். உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத் தகடு, ஓரத்தில் ஏதோ நம்பர். மெஷினில் வைத்தால் டைட்டானியம், கூடவே அலுமினியம், வனேடியம். ராக்கெட்டில் இந்தக் கலவை நிஜமாகவே உண்டு. எலும்பு முறிந்தால் டாக்டர் வைக்கிற பிளேட்டும் இதே கலவைதான். என்ன உலோகம் என்று மெஷின் சொல்லும், எங்கே இருந்தது என்று சொல்லாது. அதைப் பேப்பர்தான் சொல்லணும். பேப்பர் கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போட்டோவைக் காட்டினார். அட்வான்ஸ் 60 ஆயிரம் ஏற்கெனவே போயிருந்தது.

அரசின் விண்வெளிச் சாமான் பொதுமக்கள் கைக்கு வருவது பொய்யில்லை, அதனால்தான் இந்தக் கதை எடுபடுகிறது. நம்ம இரும்பாலையிலிருந்து இஸ்ரோவுக்கு ஸ்பெஷல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன செய்தியைப் படித்த ஊர் வேறு, நம்பாமல் என்ன செய்யும்! அமெரிக்காவில் 1969-ல் அப்பல்லோ 11 பயணத்தில் நிலா மண் அள்ளி வந்த பை ஒன்று, எந்தப் பயணத்தில் போனது என்றே தெரியாமல் 2015-ல் அரசு ஏலத்தில் 995 டாலருக்குப் போனது. வாங்கிய பெண்மணி சோதித்துத் தரச் சொல்லி நாசாவுக்கே அனுப்ப, உள்ளே இருந்தது நிலாத் தூசு என்று தெரிந்ததும் அவர்கள் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். கேஸ் நடந்தது. அரசே ஏலம் விட்டு அவர் முறையாக வாங்கியது என்பதால் பை அவருக்கே என்று கோர்ட் சொன்னது, 2017-ல் அது சுமார் 18 லட்சம் டாலருக்கு விற்றது. அந்தக் கொள்முதல் ஆதாரம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், நாசாவிடம் போன பை போனதுதான்.

நம்ம நாட்டிலும் வழி இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களின் வேண்டாத சாமான், எம்எஸ்டிசி என்ற அரசு நிறுவனம் நடத்தும் மின்-ஏலம் வழியாகப் போவதுண்டு. பதிவு செய்யணும், முன்பணம் கட்டணும், லாட்டை நேரில் பார்க்கணும், உள்ளது உள்ளபடி எடுத்துக்கணும். ஏலம் எடுத்தவர் கையில் சாமானை எடுத்துப்போக அனுமதிக்கும் டெலிவரி ஆர்டர், ஜிஎஸ்டி பில், கேட் பாஸ் மூன்றும் இருக்கும். பழைய இரும்பு வியாபாரிகளைக் கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். வானத்திலிருந்து விழுந்தது என்று யாராவது கொண்டுவந்தால் அதைத் தொடவே வேண்டாம். 1967-ன் விண்வெளி ஒப்பந்தப்படி அது எங்கே விழுந்தாலும் உரிமை மாறாது, பழைய உரிமையாளருக்கே சொந்தம்.

அப்புறம் இந்த இரிடியம். சேட்டிலைட்டைத் தள்ளித் திருப்புகிற சின்ன த்ரஸ்டர்களில் ஹைட்ரஸீன் எரிபொருளைச் சிதைக்கிற குருணைமேல் இரிடியம் பூசியிருப்பார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான் சம்பந்தம். அது செம்பைவிட இரண்டரை மடங்கு கனம். ஒரு டம்ளர் அளவு, 200 மில்லி இடத்தை அடைக்கிற கட்டி என்றால் நாலரை கிலோ தூக்கணும். உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும், கோபுரக் கலசத்தில் இடி விழுந்து செம்பு இரிடியமாக மாறும் கதையெல்லாம் கதைதான். அரிசியை இழுக்கும் என்று சொல்லி விற்கிறார்களே, அரிசியையும் அது இழுக்காது. நாசா வாங்கிக்கொள்ளும் என்று சொல்லி, கதிரியக்க உடுப்பெல்லாம் மாட்டிக் காட்டி ஒரு வியாபாரியிடம் ஒன்றரைக் கோடிக்கு நெருக்கமாகக் கறந்த அப்பா-மகன் ஜோடியை 2018-ல் டெல்லி போலீஸ் பிடித்தது. சோதனைச் செலவு, சர்டிபிகேட் செலவு என்று கொஞ்சம் கொஞ்சமாக உருவுவதுதான் அவர்கள் தொழிலே.

பணத்தைவிட எனக்குப் பயம் வேறொன்று. விண்கலப் பாகங்களில் பெரிலியம் என்ற உலோகம் இருக்கலாம். எங்கள் மெஷின் அவ்வளவு லேசான தனிமத்தைப் பார்க்காது, திரையில் வரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அதன் தூசு நுரையீரலுக்குப் போனால் ஆயுசுக்கும் தொல்லை. "உள்ளே தங்கம் இருக்கும், கொஞ்சம் ராவிப் பார்க்கலாம்" என்று பட்டறையில் கிரைண்டரை எடுக்காதீர்கள். என்னிடம் கொண்டு வந்தாலும் ராவ மாட்டேன்.

சிவதாபுரத்துக்காரரை என் முன்னாடியே போன் போட வைத்தேன். டெலிவரி ஆர்டர் நம்பர் கேட்டதும், "ஆபீசர்கிட்ட இருக்கு, இன்னொரு 40 அனுப்புங்க, வாங்கித் தர்றேன்" என்றது அந்தப் பக்கம். கட் பண்ணிவிட்டு சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்தோம். ஜிபேயில் போன 60 ஆயிரத்துக்குப் புகார் எண் வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை.